நாற்பது கோடிக்கு அப்புறம்

அத்தாவின் இதயத்தை நான் முதன்முதலில் பார்த்தது டாக்டரின் கம்ப்யூட்டரில். சாம்பல் நிறத் திரையில் கறுப்பாக ஒரு ரத்தக்குழாய் வளைந்து இறங்கியது. நடுவில் ஓர் இடத்தில் மட்டும் நூலாக இளைத்திருந்தது.

“இங்கதான் அடைப்பு,” என்று டாக்டர் தாமரைச்செல்வி பேனா முனையால் காட்டினார். “இப்பப் பாருங்க.”

மணிக்கட்டு வழியாக உள்ளே போன மெல்லிய கம்பி அந்த இடத்தைத் தாண்டிப் போய் நின்றது. கம்பியின் மேலேயே வழுக்கிக்கொண்டு ஒரு குட்டி பலூன் வந்தது. பலூனைச் சுற்றி இறுக்கிய உலோக வலை, ஸ்டென்ட். பலூன் ஊதியது. வலை விரிந்தது. பலூன் சுருங்கித் திரும்பிப் போனது. வலை விரிந்தபடியே நின்றுகொண்டது. அடுத்த துடிப்பில் கறுப்பு மை குழாயின் கடைசி வரை பாய்ந்தது.

அம்மா “யா அல்லாஹ்” என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு அழுகை வரவில்லை. கைமயிர் சிலிர்த்துவிட்டது.

“இன்னொரு தடவை போட முடியுமா?” என்று கேட்டேன். அந்த ஆஸ்பத்திரியில் நான் பேசிய முதல் வாக்கியம் அதுதான்.

டாக்டர் திரும்பிப் பார்த்தார். “என்ன படிச்சிருக்கீங்க?”

“எம்.எஸ்ஸி. ஃபிசிக்ஸ்.”

“அதான்,” என்று சொல்லி மறுபடி ஓட்டினார்.

அத்தா பெயர் ஜலீல். கப்பலூர் தொழிற்பேட்டையில் ஸ்பிரிங் பட்டறை வைத்திருக்கிறார். தண்ணீர் பம்புக்கு, ஆட்டோ பிரேக்குக்கு, மில் தறிக்கு என்று எல்லாவற்றுக்கும் ஸ்பிரிங் சுற்றுவார். மதியச் சாப்பாட்டுக்குக் கை கழுவிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். பட்டறையில் அவருக்கு அடுத்த ஆளான முத்துப்பாண்டி அண்ணன்தான் சரக்கு ஆட்டோவில் படுக்கவைத்துக் கொண்டுவந்து சேர்த்தார்.

வார்டில் கண் விழித்ததும் அத்தா டாக்டரிடம் கேட்ட முதல் கேள்வி, “கம்பி என்ன கேஜும்மா, எம்புட்டுத் தடிமன்?”

“கம்பி இல்லங்க. சின்னக் குழாய். அதை லேசர்ல வெட்டி வெட்டி வலையாக்குறாங்க.”

“என்ன உலோகம்?”

“கோபால்ட், குரோமியம் கலந்தது. துருப்பிடிக்காது. காந்தம் இழுக்காது. மேல மருந்து பூசியிருக்கு. உள்ளுக்குள்ள சதை அதிகமா வளந்து மறுபடி அடைக்காம இருக்க.”

அத்தா பக்கத்துக் கட்டில்காரரைப் பார்த்துச் சிரித்தார். “கேட்டீங்களாண்ணே? ஊருக்கெல்லாம் ஸ்பிரிங் போட்டவனுக்கே ஸ்பிரிங் போட்டுட்டாய்ங்க.”

அந்த வார்டே சிரித்தது. அன்று ராத்திரி நான் போனில் ஸ்டென்ட் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். வலையின் ஒரு கண்ணியின் கனம் ஒரு தலைமுடி அளவுதான். வளையங்கள் எல்லாம் வளைந்து வளைந்து போகும் கோடுகள். அவற்றை இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சின்னப் பாலங்கள் இணைக்கும். பாலம் அதிகமானால் வளையாது. குறைந்தால் நிற்காது. பழைய ஸ்டென்ட்கள் தடிமனாக இருந்தன. அதில் ரத்தம் சுழன்று கட்டியது. மெலிதாக்கினார்கள். மெலிதாக்கினால் பலம் போகும். அதனால் உலோகத்தை மாற்றினார்கள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னாலும் யாரோ ஒருவர் என்னைப் போலத் தூங்காமல் இருந்திருப்பார் என்று தோன்றியது.

காஜிமார் தெரு வீட்டுக்கு வந்து முதல் பத்து நாள் அத்தா நன்றாகத்தான் இருந்தார். வருகிறவர்களிடமெல்லாம் மணிக்கட்டுத் தழும்பைக் காட்டினார். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா மகன் சிராஜ் வந்தான். சோபாவில் அத்தா பக்கத்தில் உட்கார்ந்து ஸ்டென்ட் வீடியோ ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினான். பிரியாணி சாப்பிட்டான். போய்விட்டான்.

அதற்கு மறுநாளிலிருந்து அத்தா அசைவதைக் குறைத்துக்கொண்டார்.

மாடிக்கு ஏறவில்லை, கட்டிலைக் கீழே போடச் சொன்னார். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் பள்ளிவாசலுக்கு ஆட்டோவில் போய், நாற்காலியில் உட்கார்ந்து தொழுதார். கிரிக்கெட் பார்க்கவில்லை. இந்தியா கடைசி ஓவரில் சேஸ் செய்துகொண்டிருந்தபோது எழுந்துபோய் டிவியை அணைத்தார். அணைத்துவிட்டு மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார்.

“சண்டைக்கு இழுத்தாக்கூட வரமாட்டேங்கிறாருடி,” என்றாள் அம்மா. “நேத்து வேணுமின்னே உப்பில்லாம கொழம்பு வச்சேன். சும்மா சாப்பிட்டு எந்திரிச்சுட்டாரு. இது நல்லதுக்கில்ல.”

மறுபரிசோதனையில் டாக்டர் எக்கோ ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். முகம் மாறியது.

“நடக்கிறீங்களா?”

அத்தா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

“ஐயா, ஸ்டென்ட் அருமையா இருக்கு. அதுல குறையே இல்ல. ஆனா அட்டாக்ல இதயத் தசை கொஞ்சம் அடிவாங்கியிருக்கு. பம்பிங் ஏறணும். படுத்தே கிடந்தா ஏறாது. இப்படியே விட்டா ஐம்பத்தி நாலு வயசுலயே பாத்ரூம் போக ஆள் பிடிக்கிற நிலைமைக்கு வந்துருவீங்க. அப்புறம் நான் என்ன மாத்திரை குடுத்தும் திருப்ப முடியாது.” அவர் என்னைப் பார்த்தார். “ரெண்டு வாரம் கழிச்சு டிரெட்மில் டெஸ்ட். நடக்கவச்சு ஈசிஜி பாப்பேன். அதை வச்சுத்தான் எவ்வளவு நடக்கலாம்னு சொல்லணும். கூட்டிட்டு வாங்க.”

வாடகைக் காரில் ஏறியதும் அத்தா சொன்னார்: “நான் வரமாட்டேன்.”

“ஏன் அத்தா?”

“வீண் செலவு.”

“டெஸ்ட்டுக்கா?”

“துடிப்புக்கு.”

அவர் இடது மணிக்கட்டில் வலது கை விரல்கள் இருந்தன. உதடு லேசாக அசைந்துகொண்டிருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அத்தா எண்ணிக்கொண்டிருக்கிறார்.

வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் வாயைத் திறந்தார். சிராஜ் காட்டிய வீடியோ ஒன்றில் ஒரு தொழிற்சாலை வந்ததாம். ஸ்டென்ட்டை ரப்பர் குழாய்க்குள் வைத்து, இதயம் துடிப்பது போலவே விடாமல் அழுத்தி அழுத்திச் சோதிக்கிறார்களாம். நாற்பது கோடி தடவை.

“நாப்பது கோடின்னா பத்து வருசம். அவன் வாயாலயே சொல்றான். பத்து வருசத்துல எனக்கு அறுபத்தி நாலு. உனக்கு ஒரு கல்யாணம், ஒரு பேரப்பிள்ளை, ஒண்ணும் பாத்து முடிச்சிருக்க மாட்டேன். அதான் மெதுவா ஓட்டுறேன். நிமிசத்துக்குப் பத்தைக் கொறச்சா வருசக் கணக்குல நீளும்ல? மாடிப்படி ஏறி அநியாயமா அடிச்சுத் தள்ளவா சொல்ற?”

முகத்தில் பயம் இல்லை. கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தவனின் பெருமை இருந்தது.

எங்கள் பட்டறைச் சுவர் என் கண் முன்னால் வந்தது.

அந்தச் சுவரில் உடைந்த ஸ்பிரிங்குகள் வரிசையாகத் தொங்கும். ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு தகர வில்லை. வில்லையில் அச்சடித்த ஓர் எண். புது மாதிரி எது சுற்றினாலும் அத்தா அதைச் சோதனை மெஷினில் மாட்டி முழு அழுத்தம் கொடுத்து ஓடவிடுவார். மற்ற பட்டறைகளில் வாங்குகிறவர் கேட்ட எண் வந்ததும் கழற்றிவிடுவார்கள். அத்தா கழற்றமாட்டார். “உடையுற வரைக்கும் ஓட்டுனாத்தான்டா டெஸ்ட். பாதில நிறுத்துனா அது சோம்பேறித்தனம்.” டக்கென்று சத்தம் வரும். மெஷின் எண்ணைப் பார்ப்பார். வில்லை அடிப்பார். அவர் அகராதியில் சோதித்த எண் என்றால் செத்த எண்.

“அத்தா, அது உடைஞ்ச நம்பர் இல்ல,” என்றேன். “அங்க நிறுத்திடறாங்க. நிறுத்திட்டு மைக்ராஸ்கோப்ல விரிசல் இருக்கான்னு பாப்பாங்க.”

“உடைச்சுப் பாக்காம எவனாவது நம்பர் போடுவானா? உள்ள வச்சுத் தைக்கிற சாமான் வேற.”

“பத்து வருசத்துக்குச் சமமா ஓட்டணும்னு விதி. அதான் அந்த நம்பர்.”

“விதி போட்டவன் பட்டறை வச்சிருந்தானா?”

இன்னொரு வழியில் போய்ப் பார்த்தேன். “நடந்தா இதயம் பலமாகும். பலமானா ஓய்வா இருக்கிறப்ப கம்மியாத்தான் துடிக்கும். உங்க கணக்குப்படியே மிச்சம்தான் அத்தா.”

அவர் கொஞ்சம் யோசித்தார். கண்ணில் ஆசை தெரிந்தது. பிறகு தலையை ஆட்டினார். “மிச்சம் வாரப்ப வரட்டும். செலவு இப்பல்ல ஆகுது.”

அம்மா அடுப்படியிலிருந்து கத்தினாள்: “அந்தச் சிராசுப் பய இனி இந்த வீட்டுக்குள்ள வரட்டும், பிரியாணிக் கரண்டியாலேயே போடுறேன்!”

மறுநாள் காலையிலேயே நான் கப்பலூருக்கு பஸ் ஏறினேன். பட்டறைக்குத் தனியாகப் போவது அதுதான் முதல் தடவை. நான்கைந்து ஆண்கள் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள். துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டு முத்துப்பாண்டி அண்ணனிடம் நேராகப் போனேன்.

“அண்ணே, டெஸ்ட் மெஷின் வேணும்.”

“எதுக்கு பாப்பா?”

சொன்னேன். அவர் தலையில் கை வைத்தார். “இதுக்கா அண்ணே இப்படிப் படுத்துக் கெடக்காரு? நான் என்னமோ மனசொடிஞ்சு போயிட்டாருன்னுல்ல கீழக்குயில்குடி கருப்பனுக்கு நேந்துக்கிட்டேன்!”

சுவரில் தொங்குவதில் ஒன்றைக் காட்டி, அதே கம்பியில் அதே அளவில் புதிதாக ஒன்று சுற்றித் தரச் சொன்னேன். மெஷின் தடியை நகர்த்தி அழுத்தத்தைக் குறைக்கச் சொன்னேன். முழுதாக அமுங்க வேண்டாம். லேசாக அசைந்தால் போதும்.

“இம்புட்டுக்கூண்டா? இது சும்மா தாலாட்டுற மாதிரில்ல இருக்கு.”

“அவ்வளவுதான்ணே வேணும். ரத்தக்குழாய் ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு முடி அளவுதான் விரியுது.”

அவர் மெஷினைப் போட்டார். டிக்டிக்டிக் என்று ஓடத் தொடங்கியது. எண் ஏறியது.

அந்த ஸ்பிரிங், முழு அழுத்தத்தில் காலையில் மாட்டினால் மறுநாள் சாயங்காலத்துக்குள் உடைந்துவிடும் ஜாதி. மறுநாள் சாயங்காலம் போன் வந்தது.

“பாப்பா, ஓடுது!”

அதற்கும் மறுநாள். “பாப்பா, நேத்து வித்த டீ இன்னைக்கும் சூடா இருக்க மாதிரி இருக்கு. ஓடுது!” பின்னால் பட்டறைக்காரர்கள் கத்தும் சத்தம் கேட்டது. அவர்கள் பந்தயம் கட்டிவிட்டிருந்தார்கள். சுவரில் தொங்கும் எண்ணைத் தாண்டியபோது விசிலே அடித்தார்கள். நான் மாடியில் நின்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டு அந்த விசிலைக் கேட்டேன். பாடத்தில் படித்ததுதான். ஓர் அளவுக்குக் கீழே அசைந்தால் விரிசல் தொடங்குவதே இல்லை. பரீட்சையில் வளைகோடு வரைந்து மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். ஆனால் அந்தக் கோடு கப்பலூரில் டிக்டிக்கென்று ஓடும் என்று யார் நினைத்தது?

ஒரு வாரம் ஆனது. டிரெட்மில் தேதி நெருங்கியது. ஸ்பிரிங் ஓடிக்கொண்டே இருந்தது. அத்தாவிடம் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் விதி போட்டவனைத் திட்டுவார்.

கடைசியில் சொன்னது முத்துப்பாண்டி அண்ணன்தான். அதுவும் வேறு வேலையாக. பம்பு ஸ்பிரிங் ஆர்டருக்கு மாதிரி ஓட்ட வேண்டும், மெஷின் காலியில்லை, என்ன செய்ய என்று அத்தாவுக்கே போன் போட்டுவிட்டார்.

“மெஷின் ஏன் காலியில்ல?” என்றார் அத்தா.

பதிலைக் கேட்டார். நிமிர்ந்தார்.

“ஒரு வாரமாவா? எவன்டா என்னயக் கேக்காம மெஷினத் தொட்டது? என்னது, என் மகளா? நீ எதுக்கு அங்க இருக்க, பஞ்சு மிட்டாய் விக்கவா? கழட்டுடா அத! இரு, கழட்டாத. நானே வாரேன்!”

தெருவுக்கே கேட்டது. அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது.

“வஞ்சுட்டாருடி!” என்று கிசுகிசுத்தாள். “அல்ஹம்துலில்லாஹ், வாயத் தொறந்து வஞ்சுட்டாரு!”

காரில் அவர் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தார். திருப்பரங்குன்றம் தாண்டும் வரை மணிக்கட்டில் விரல் இருந்தது. கப்பலூர் வந்ததும் கதவைத் திறக்க அந்தக் கை தேவைப்பட்டது.

பட்டறையில் எல்லோரும் வேலையில் மும்முரமாக இருப்பது போல நின்றார்கள். அத்தா நேராக மெஷினுக்குப் போனார். குனிந்து எண்ணைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டு மறுபடி பார்த்தார்.

“இது நம்ம ஆட்டோ பிரேக் கம்பிதானடா?”

“அதே கம்பிதாண்ணே. நானே சுத்துனேன்.”

“எத்தன தடவ மாத்துன?”

“மாத்தலண்ணே. என் பிள்ளைக மேல சத்தியமா அதே உருப்படிதான்.”

அத்தா மெஷின் மேல் உள்ளங்கையை வைத்தார். சத்தத்தைக் கேட்டார். டார்ச் வாங்கி, ஓடும் ஸ்பிரிங்கைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். விரிசல் தேடினார். நானும் அந்தக் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது உடைந்தால்? அந்த ஒரு டக் சத்தத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

நின்று நின்று அவர் கால் வலித்திருக்க வேண்டும். ஸ்டூல் ஒன்றை இழுத்துப் போட்டார்கள். உட்காரவில்லை.

“எம்புட்டு நாள் ஓட்டுறதா இருக்க?” என்றார் என்னிடம்.

“உடையுற வரைக்கும்,” என்றேன். “அதானே டெஸ்ட்?”

பட்டறையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

“லூசு. இது உடையாது. இந்த அசைவுக்கு இந்தக் கம்பி நம்ம எல்லாரையும் தூக்கிப் போட்டுட்டு ஓடும். மெஷின்தான் முதல்ல தேயும்.” அவர் முத்துப்பாண்டி அண்ணனைப் பார்த்தார். “நிறுத்துடா. ஆர்டரப் பாரு.”

மெஷின் நின்றது. அத்தா ஸ்பிரிங்கைக் கழற்றிக் கையில் எடுத்தார். பட்டறை திடீரென்று அமைதியானது.

“வில்லைல என்ன நம்பர்ணே அடிக்க?” என்றார் முத்துப்பாண்டி அண்ணன், சுத்தியலைக் கையில் எடுத்துக்கொண்டே.

“இதான், மெஷின்ல இருக்கிற…”

அத்தா பாதியில் நின்றார்.

எனக்குச் சொல்ல வாய் துடித்தது. சொல்லவில்லை.

அவர் மெதுவாக ஸ்டூலில் உட்கார்ந்தார். சுவரில் தொங்கும் உடைந்த ஸ்பிரிங்குகளைப் பார்த்தார். கையிலிருந்த சூடான, முழு ஸ்பிரிங்கைப் பார்த்தார்.

“அவய்ங்களும் நிறுத்திட்டாய்ங்களா?” என்றார்.

“நிறுத்திட்டாங்க அத்தா.”

“அதுக்கு அப்புறமும் ஓடும்?”

“ஓடும். நிச்சயமா உடையவே உடையாதுன்னு சொல்லமாட்டேன். ஆயிரத்துல ஏதோ ஒண்ணு ரெண்டு கண்ணி விட்டதும் உண்டு. அரிதுதான். உங்க ஸ்டென்ட் ஸ்பிரிங்கும் இல்ல அத்தா. ஸ்பிரிங்குன்னா அமுக்கினா திரும்பி வரணும். இது பலூன் விரிச்சா விரிஞ்சபடியே நிக்கணும்.”

“நம்ம பட்டறைல அப்படி நின்னா செத்ததுன்னு தூக்கி எறிவோம்.”

“அங்க அதுதான் வேலை. நாள் ஆக ஆக உள்தோல் அது மேல படர்ந்துடும். குழாய்ச் சுவரோட சுவரா ஆயிடும். அதுவரைக்கும் ரத்தம் அதுல கட்டாம இருக்கத்தான் அந்த ரெண்டு மாத்திரை. பத்து வருசத்துல ஏதாவது வந்தா உலோகத்தால வராது. வேற இடத்துல கொழுப்பு படியும். இல்ல, அதுக்குள்ளேயே சதை வளரும். அதுக்கு மருந்து, சாப்பாடு, நடை. துடிப்பச் சேத்து வச்சு ஒண்ணும் ஆகாது.”

இவ்வளவு நீளமாக நான் யார் முன்னாலும் பேசியதில்லை. பேசி முடித்ததும்தான் பட்டறை முழுக்க என்னைப் பார்ப்பது தெரிந்தது. காது சூடானது.

அத்தா எழுந்தார். வில்லையை வாங்கி அவரே எண்ணை அடித்தார். அதற்குக் கீழே எழுத்து அச்சுகளை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து இன்னொரு வார்த்தை அடித்தார்: நிறுத்தியது. ஸ்டூலில் ஏறப் போனார். முத்துப்பாண்டி அண்ணன் தடுத்தார்.

“நான் மாட்டுறேண்ணே.”

“போடா அங்கிட்டு,” என்று சொல்லி, அத்தா ஸ்டூலில் ஏறி அதைச் சுவரில் மாட்டினார்.

டிரெட்மில் அறையில் அவர் நெஞ்சில் ஒயர்களை ஒட்டினார்கள். நான் கதவோரம் நின்றேன். டாக்டர் உள்ளே வரச் சொல்லித் திரையைக் காட்டினார். துடிப்பு ஒவ்வொன்றும் கூராக எழுந்து போனது. பட்டை நகரத் தொடங்கியது. முதலில் அத்தாவின் வலது கை தன்னால் இடது மணிக்கட்டைத் தேடிப் போனது. “கம்பியப் பிடிங்க,” என்றார் டாக்டர். பிடித்துக்கொண்டார்.

வேகம் கூடியது. ஏற்றம் கூடியது. வேர்த்தது. சட்டையில்லாத முதுகு பளபளத்தது. நான் திரையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தேன். கோடு ஒழுங்காகப் போனது. டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

“போதும். நிறுத்தலாம்.”

“எதுக்கு?” மூச்சு வாங்கியபடி அத்தா கேட்டார். “நல்லாத்தானம்மா ஓடுது. உடையுற வரைக்கும் ஓட்டிப் பாத்துருவோம்.”

“இது உங்க பட்டறை இல்ல. இங்க நான் நிறுத்துற இடம்தான் நம்பர்.”

பட்டை மெதுவாகி நின்றது. டாக்டர் அச்சாகி வந்த தாளை மேலிருந்து கீழாகப் பார்த்தார். “நாளையிலேர்ந்து காலையில அரை மணி நேரம் நடக்கிறீங்க. மாடிப்படி ஏறலாம். கொஞ்சம் கொஞ்சமா கூட்டுவோம். மூணு மாசம் கழிச்சு எக்கோ. பம்பிங் ஏறும்னு நினைக்கிறேன்.”

அத்தா துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் வந்தார். முகம் சிவந்திருந்தது. பந்தயத்தில் பாதியில் இறக்கிவிடப்பட்டவர் மாதிரி ஒரு ஆத்திரம், அதற்குள்ளே சிரிப்பு.

“நிறுத்திட்டாங்கம்மா,” என்றார். “பாத்தீல்ல? உடையல.”

வெளியே வந்ததும் லிஃப்ட் பக்கம் திரும்பினேன். அவர் அதற்குள் படிக்கட்டில் இறங்கத் தொடங்கியிருந்தார். கீழேயிருந்து அம்மாவுக்குப் போனில் சொல்வது கேட்டது: “சுஃபியா, இன்னைக்கு மேட்ச் இருக்குல்ல? டிவி ரிமோட்டத் தேடி எடுத்து வையி. கொழம்புல உப்புப் போடு.”